வீட்டினுள் கட்டும் மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாக எழும் வீடுகள் சிலவற்றில், மண்டபத்தின் ஓரத்திலோ மாடிப்படியின் கீழோ கண்ணாடிக் கூரை போட்ட நடுமுற்றத்திலோ சீமெந்தால் ஒரு மீன் தொட்டி கட்டிவிடுவதைக் காண முடிகிறது. மேசன் தொட்டியைக் கட்டி, ரைல்ஸ் ஒட்டி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வடிகட்டி பற்றிய பேச்சு பெரும்பாலும் தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் எழும். அந்த அவசரத்தில் கடைக்குப் போனால் கையில் கிடைப்பது கடைக்காரரிடம் இருப்பில் உள்ள வடிகட்டியே ஒழிய, அந்தத் தொட்டிக்கு ஏற்றது அல்ல. ஆகவே நம் பகுதியில் அமைக்கக்கூடிய நான்கு வழிகளை ஒரே அளவான தொட்டியை முன்வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீரை எவ்வளவு பளிங்காக வைத்திருக்கும் என்பதை மட்டும் பார்த்து வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. மின்சாரம் நின்ற இரவில் அந்த வடிகட்டி என்ன ஆகும், அதைச் சுத்தம் செய்ய வீட்டில் உள்ள எவராலும் முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் தொட்டி 2.4 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் கொண்டது. நீரின் ஆழம் 70 சென்ரிமீற்றர். அதில் ஏறத்தாழ 2,500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஏறத்தாழ ஓர் அடி, அதாவது 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள பத்துக் கொய் கார்ப் மீன்களை அதில் விட்டால் மொத்த எடை நான்கரைக் கிலோ அளவில் வரும். உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உணவு என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் உணவு இட வேண்டியிருக்கும். இந்த 50 கிராம்தான் கணக்கின் அச்சாணி. வடிகட்டியின் அளவைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது அன்றாடம் உள்ளே போகும் உணவு. நூற்றுக்கு 35 பங்கு புரதம் உள்ள 50 கிராம் உணவிலிருந்து சுமார் 1.6 கிராம் அமோனியா நைதரசன் வெளிவரும். அதை 2,500 லீற்றரில் கரைத்துப் பார்த்தால் லீற்றருக்கு 0.6 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அதுவும் ஒரே நாளில்.

0.6 என்ற எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அமோனியா முழுவதும் ஒரே அளவில் நஞ்சாவதில்லை. நீரின் காரநிலையும் (அதை அளக்கும் எண்தான் பிஎச்) வெப்பமும் உயர உயர, மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஏழரைப் பங்கு, 8.5 ஆனால் நூற்றில் இருபது பங்கு. நம் தொட்டிகளில் தண்ணீரின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 28 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் இடையில் அல்லது கடலை ஒட்டிக் கிடக்கும் மணற்பாங்கான பகுதிகளில், சிப்பித் தூள் கலந்த மணலினூடாக ஊறிவரும் கிணற்று நீர் வன்மையாகவும் காரமாகவும் இருப்பது வழக்கம். புதுச் சீமெந்துச் சுவரும் தன் பங்குக்குக் காரத்தைக் கூட்டும். ஆகவே குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் பரவாயில்லை என்று சொல்லப்படும் அமோனியா அளவு, எழுவான்கரை எனப்படும் இந்தக் கடலோரப் பகுதித் தொட்டி ஒன்றில் பல மடங்கு கொடியதாக இருக்கக்கூடும். அதோடு, வெப்பமான நீர் பிடித்து வைத்திருக்கும் ஒட்சிசனும் குறைவு: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 பாகையில் ஏழரை மட்டுமே.

வடிகட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். கழிவையும் மிஞ்சிய உணவையும் பிடித்து வெளியே எடுப்பது ஒன்று. கரைந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களுக்கு இருக்க இடமும் மூச்சுவிட ஒட்சிசனும் கொடுப்பது மற்றது. முதல் வேலை கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்க மீன் செத்து மிதக்கும் தொட்டிகளில் முதல் வேலை மட்டும் நடந்திருக்கும்.

முதலாவது வழி, தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பெட்டி வடிகட்டி. ஒரு சிறு நீர்ப்பம்பி, அதைச் சுற்றி ஸ்பொஞ்ச், சிலவற்றில் கொஞ்சம் பீங்கான் வளையங்கள். விலை குறைவு, எந்த வளர்ப்பு மீன் கடையிலும் கிடைக்கும், சுவரில் துளை போட வேண்டியதில்லை. ஐந்நூறு அறுநூறு லீற்றர் தொட்டியில் கப்பியோ சில தங்கமீன்களோ வளர்ப்பவருக்கு இதுவே போதும். அவர் மேற்கொண்டு வாசித்துக் குழம்ப வேண்டியதில்லை. நம் 2,500 லீற்றர் தொட்டிக்கு இது ஒத்துவராததற்குக் காரணம், அழுக்கைப் பிடிக்கும் ஸ்பொஞ்சும் பற்றீரியா குடியிருக்கும் ஸ்பொஞ்சும் ஒன்றாகவே இருப்பதுதான். கொய் மீன் போடும் கழிவுக்கு அது இரண்டு மூன்று நாட்களில் அடைத்துவிடும்; அடைத்ததைக் கழுவினால் குடியிருந்தவையும் கழுவுண்டு போகும். குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் எஞ்சியதையும் கொன்றுவிடும். எந்த வடிகட்டியாக இருந்தாலும் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுவதே முறை.

இரண்டாவது, கடைகளில் பளபளப்பான பெட்டியில் வரும் மூடிய அழுத்த வடிகட்டி. வாளி வடிவில் இறுக்கி மூடிய ஒரு கலன், உள்ளே ஸ்பொஞ்சும் உருண்டைகளும், பெரும்பாலானவற்றில் ஒரு புறஊதா விளக்கு. இதன் சிறப்புகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சத்தமில்லை, மணமில்லை, மாடிப்படியின் கீழ் ஒளித்து வைக்கலாம். வெளியேறும் நீரை அழுத்தத்தோடு மேலே ஏற்றிச் சிறு நீர்வீழ்ச்சியாக விழச் செய்யலாம். பிடியைத் திருப்பி உட்புறம் அலசும் வசதி உள்ளவற்றை வீட்டுக்குள் தண்ணீர் சிந்தாமலே சுத்தம் செய்யலாம். பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவை மட்டும் நம்பக் கூடாது. சில நிறுவனங்கள் மீனில்லாத குளத்துக்கு ஓர் எண், மீனுள்ள குளத்துக்கு அதில் பாதி, கொய் வளர்க்கும் குளத்துக்குக் கால்வாசி என்று தாங்களே பிரித்து அச்சிடுகின்றன. 10,000 லீற்றர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதுதான் நம் தொட்டிக்குச் சரியாக வரும்.

இதன் பெருங்குறை, மூடி இறுக்கியிருக்கிறது என்ற அதே சிறப்பிலேயே இருக்கிறது. கலனுக்குள் இருக்கும் பற்றீரியா உயிரோடு இருப்பது, பம்பி தள்ளும் தண்ணீரோடு வரும் ஒட்சிசனால். மின்சாரம் நின்றதும் அந்த வரத்து நிற்கிறது. உள்ளே இருக்கும் சில லீற்றர் நீரில் கரைந்திருப்பதை அவை விரைவில் தீர்த்துவிடுகின்றன. நம் வெப்பத்தில் சில மணிநேரத்துக்குள் கலன் மூச்சடைத்துப்போகும். அதன் பிறகு ஒட்சிசன் வேண்டாத வேறு பற்றீரியாக்கள், தேங்கிக் கிடக்கும் கழிவை அழுகச் செய்யத் தொடங்கும். இரவு முழுவதும் மின்வெட்டாக இருந்த வீடொன்றில் காலையில் இப்படியான கலனின் மூடியைத் திறக்கையில் அருகில் நின்றிருக்கிறேன். கூழ்முட்டை உடைந்த நாற்றம் மண்டபத்தைத் தாண்டி அடுக்களை வரை போனது. உள்ளே வெளிர்பழுப்பாக இருந்திருக்க வேண்டிய ஸ்பொஞ்ச் ஓரங்களில் கறுத்திருந்தது. நல்லவேளையாக அங்கே மின்சாரம் வருமுன் மூடியைத் திறந்தார்கள். மின்சாரம் தானாக வந்து பம்பி தானாக ஓடத் தொடங்கினால், அந்தக் கறுப்பு நீர் முழுவதும் நேரே மீன்களிடம் போய்ச் சேரும். மின்வெட்டு நான்கு மணிநேரத்தைத் தாண்டினால் கலனைத் திறந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டி, தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும் என்ற ஒழுங்கை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நடு இரவில் யார் எழுந்து செய்வது என்பது வேறு கதை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலை மாறிவிட்டது என்று சொல்வோருக்கு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை நினைவூட்டலாம். இவை தவிர, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி மழையும் காற்றும் மரக்கிளைகளை மின்கம்பிகளில் சாய்க்கும்போது ஊர் ஊராக மின்சாரம் போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. குரங்கை நம்பி முதலீடு செய்வதா என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது வழி, எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது, திறந்த பரல் வடிகட்டி. 200 லீற்றர் நீலப் பரல்கள் இரண்டும் நான்கு அங்குல பிவிசி குழாயும் இருந்தால் ஊரில் உள்ள ஒரு பிளம்பரே இதை அமைத்துவிடுவார். வீட்டினுள் கட்டும் தொட்டிக்கு இது குறிப்பாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்துக் குளம் நிலத்தைத் தோண்டி அமைக்கப்படுவது. அதற்குப் பரலை நிலத்துக்குள் புதைக்க வேண்டும், அல்லது தண்ணீரைப் பம்பியால் மேலே ஏற்ற வேண்டும். வீட்டுத் தொட்டியோ தரைக்கு மேலே அரைச்சுவர் எழுப்பிக் கட்டப்படுவது. தரையிலிருந்து 70 சென்ரிமீற்றர் உயரத்தில் அதன் நீர்மட்டம் நிற்க, பரலின் உயரம் 90 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. ஆகவே தொட்டிக்குப் பின்சுவரின் மறுபக்கத்தில், பின் விறாந்தையில், அதே தரைமட்டத்தில் பரல்களை நிறுத்திச் சுவரினூடாகக் குழாயை விட்டால் தொட்டியிலும் பரல்களிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தொட்டியின் அடியிலுள்ள வடிகாலிலிருந்து கழிவு நீர் தானாகவே முதற் பரலுக்கு வரும். பம்பி கடைசிப் பரலில் இருந்துகொண்டு சுத்தமான நீரை ஒரு சாண் உயரம் தூக்கித் தொட்டிக்குள் விட்டால் போதும்.

இந்த ஒரு சாண் என்பதில்தான் மாதாந்த மின்கட்டணம் தங்கியிருக்கிறது. பம்பியின் பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கு 3,000 லீற்றர் என்பது எதையும் மேலே தூக்காதபோது அது தள்ளும் அளவு. ஆகக்கூடிய உயரம் 2 மீற்றர் என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஏற்றும்போதே ஓட்டம் ஏறக்குறையப் பாதியாகும். அழுத்தக் கலனுக்கும் உயரத்துக்கும் ஈடுகொடுக்க 50 வொட் பம்பி தேவைப்படும் இடத்தில், ஒரே மட்டத்தில் நிற்கும் பரலுக்கு அதில் பாதிக்கும் குறைவானது போதும். 50 வொட் பம்பி ஒன்று இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 36 அலகு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அறவிடப்படுவதால், இந்த 36 அலகும் நம் பட்டியலின் அடிப்படியில் சேராமல் உச்சப் படியில் போய் உட்காரும். சில வீடுகளை அடுத்த படிக்கே தள்ளிவிடும். பம்பியையே நீக்கிவிட்டு, காற்றுப்பம்பியின் குமிழிகளால் இரண்டங்குலக் குழாயினூடாக நீரை உயர்த்திவிடும் முறையையும் இங்கு கையாளலாம்; நீர்மட்டம் சமமாக இருப்பதால் விரற்கடை உயர்வே அதற்குப் போதும். அப்போது 15 வொட் காற்றுப்பம்பி ஒன்றே நீரையும் சுழற்றிக் காற்றையும் ஊட்டும்.

மின்வெட்டின்போது இதன் நிலை என்ன? பம்பி நின்றதும் தொட்டியும் பரல்களும் சமமட்டத்துக்கு வந்து அசையாமல் நிற்கும். எதுவும் வழிந்து மண்டபத்துக்குள் வராது. பரல் திறந்திருப்பதால் மேற்பரப்பினூடாகச் சிறிதாவது காற்றுச் சேரும். 12 வோல்ட், 50 அம்பியர்-மணி பற்றரி ஒன்றின் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் பற்றரியின் நேரோட்ட மின்னிலேயே (டிசி) ஓடும் 15 வொட் காற்றுப்பம்பி ஏறக்குறைய 20 மணிநேரம் தாங்கும். அதே பற்றரியில் 50 வொட் நீர்ப்பம்பி, இன்வேர்ட்டர் இழப்பையும் சேர்த்து, ஆறு மணிநேரம்கூட ஓடாது. மீன்களுக்கும் இந்தக் காற்றுத்தான் உயிர்: நான்கரைக் கிலோ மீன் இந்த வெப்பத்தில் மணிக்கு ஒன்றேகால் கிராம் அளவில் ஒட்சிசனை உள்ளிழுக்கும் என்று கொண்டால், அசையாத தொட்டியில் ஏழெட்டு மணிநேரத்தில் நிலைமை ஆபத்தாகிவிடும்.

முதற் பரல் கழிவு படிவதற்கானது. நீர் சுவரோரமாகச் சாய்வாக உள்ளே நுழைந்து சுழன்றால் கனமான கழிவு நடுவில் அடியில் சேரும். மணிக்கு 2,500 லீற்றர் ஓட்டத்தில் நீர் அந்தப் பரலில் தங்குவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்பதால் எல்லாம் படிந்துவிடாது. மிதந்து போவதைப் பிடிக்க அதே பரலின் மேற்பாதியில் நைலோன் வலையைத் தளர்வாகச் சுருட்டி வைக்கலாம். வாவிக்கரையில் கழித்துப்போட்ட மீன்பிடி வலையே இதற்குத் தாராளமாகக் கிடைக்கும். உப்பும் சேறும் போக நன்றாக அலசி, ஈயக்குண்டுகளை மறக்காமல் அறுத்து எடுத்துவிட வேண்டும். அடியில் உள்ள வால்வைத் திறந்தால் முதலில் தேயிலைச் சாயம்போலக் கடும்பழுப்பு நீர் வாளி நிறைய வரும். நிறம் வெளுத்ததும் மூடிவிட வேண்டியதுதான். இரண்டு நாட்களுக்கு ஒரு தடவை, ஒரு சிறுபிள்ளைகூடச் செய்துவிடலாம். அந்த நீரை வாழையடியில் ஊற்றினால் வாழைக்கும் நல்லது.

இரண்டாம் பரலில் பற்றீரியாவுக்கான இடம். காற்றுக் குமிழிகளால் இடைவிடாது புரண்டுகொண்டிருக்கும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்களான கே1 வகை ஊடகத்தில் ஒரு கனமீற்றருக்கு 500 சதுர மீற்றர் பரப்பு உண்டு. ஒரு சதுர மீற்றர் நாளொன்றுக்கு 0.3 கிராம் அமோனியாவை மாற்றும் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், நம் 1.6 கிராமுக்கு ஐந்தரைச் சதுர மீற்றர், அதாவது 11 லீற்றர் ஊடகம் போதும். மீன் வளரும் என்பதால் 25 லீற்றர் போடலாம். அதே பரப்பைச் சல்லிக்கல்லில் பெற வேண்டுமானால் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும். அதன் இடுக்குகளில் சேறு அடைத்துக்கொண்டால் 100 கிலோவுக்கு மேற்பட்ட கல்லை வெளியே அள்ளிக் கழுவ வேண்டும். சக்கரம் வாங்க வசதியில்லாதவர் வயரிங் வேலைக்குப் பயன்படும் நெளிவுக் குழாயை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டிப் போடுகிறார். பரப்புக் குறைவு என்பதால் இரண்டு மூன்று மடங்கு போட வேண்டும், அவ்வளவே.

குறைகளும் உண்டு. தொட்டி கட்டுமுன்பே இதைத் தீர்மானித்திருக்க வேண்டும். ரைல்ஸ் ஒட்டிய பிறகு அடிவடிகாலும் சுவர்த்துளையும் போடுவது பெருஞ்செலவு. குழாயின் மூட்டு எங்காவது கசிந்தால் தொட்டி முழுவதும் வடிந்துவிடும் என்பதால் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு வால்வு கட்டாயம். பின் விறாந்தையில் இடமில்லாதவரும், மாரி வெள்ளம் விறாந்தை வரை ஏறும் தாழ்ந்த வளவுக்காரரும் வேறு வழி தேடத்தான் வேண்டும். பழைய பரல் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிக்க வேண்டும். உணவுப்பொருள் வந்த பரலாக இருந்தால் சரி, பூச்சிமருந்தோ இரசாயனமோ வந்ததாக இருந்தால் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். மூடியில்லாத பரல் நுளம்புக்கும் வசதி. மழைக்குப் பிந்திய மாதங்களில் டெங்கு பரவும் ஊர்களில் நுளம்பு வலையால் வாயை இறுக்கிக் கட்டாமல் ஒரு பரலையும் வைக்கக் கூடாது.

நான்காவது, பொழிவு வடிகட்டி. துளையிட்ட பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊடகத்தை நிரப்பி, மேலிருந்து தண்ணீரைப் பொழியவிடுவது. பற்றீரியா ஈரத்திலும் காற்றிலும் இருப்பதால் ஒட்சிசனுக்குக் குறையே இல்லை. மின்சாரம் நின்றாலும் ஈரம் காயும்வரை அவை பிழைத்திருக்கும். இந்த வகையில் பரலைவிடவும் இது மேல். ஆவியாதலால் தண்ணீர் சற்றுக் குளிரும் என்பதால் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் இதன் பயன் கூடுதலாகத் தெரியும். இத்தனை சிறப்பிருந்தும் மண்டபத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து இரவும் பகலும் தண்ணீர் கொட்டும் ஓசை, விருந்தினருக்குப் பத்து நிமிடம் இனிக்கும். பக்கத்து அறையில் படுப்பவருக்கு அப்படி இராது. ஆவியாகும் நீர் சுவரில் ஏறிப் பெயின்ற் பொருமும், மரக்கதவு ஊதும், அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். உயரத்துக்கு ஏற்றும் பம்பியின் கட்டணமும் சேரும். கூரை திறந்த நடுமுற்றத் தொட்டிக்கு, அதுவும் படுக்கையறைகள் தள்ளியிருந்தால், இதைத் தாராளமாகத் தெரிவு செய்யலாம்.

நீச்சல் தடாகத்துக்கான மணல் வடிகட்டியைச் சிலர் கேட்கிறார்கள். கொய் மீனின் கழிவு மணலைக் களியாக்கிவிடும், அதற்கு வேண்டிய பம்பியோ பெரியது, விட்டுவிடலாம். செடிகளால் வடிகட்டும் முறை அழகானதே எனினும் நேர் வெயில் விழாத மண்டபத்தில் செடி வளராது. வெயில் விழாத இடத்தில் பச்சைப் பாசியும் பெருகாது என்பதால் புறஊதா விளக்கும் அநேகமாக வீண்செலவு. கண்ணாடிக் கூரையின் கீழ் உள்ள தொட்டிக்கு மட்டும் அது உதவும்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒழுங்கு மாறும். கரையோரக் கிணற்று நீர் கோடை முதிர முதிர உவர்ப்பாகும். ஆவியானதை ஈடுசெய்ய அதையே மேலும் மேலும் ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே தங்கிச் சேரும். ஆகவே நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு என்பதை உணர்ந்து வாரம் ஒரு தடவை ஐந்தில் ஒரு பங்கு நீரை வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். சிறிதளவு உப்பு நைத்திரைற்றின் நஞ்சிலிருந்து மீனைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அமோனியாவை உறிஞ்சும் என்று விற்கப்படும் சியோலைற்று கல்லை உவர்நீரில் போடுவது பணத்தை நீரில் போடுவது. உப்பு அதிகமானால் அது முன்பு உறிஞ்சிய அமோனியாவையே திரும்ப விட்டுவிடும். சிரட்டைக்கரி நிறத்தையும் மணத்தையும் மருந்து மிச்சத்தையும் எடுக்கும், அமோனியாவைத் தொடாது.

மழைநீரையோ காரத்தன்மை (பிஎச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கரைந்த காரப்பொருள்) குறைந்த குழாய் நீரையோ பயன்படுத்துவோருக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்றும்போது பற்றீரியா ஏழு கிராமுக்குச் சற்று மேலான காரத்தன்மையைத் தின்றுவிடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் மட்டுமே உள்ள நீரானால் நம் தொட்டியின் முழுக் கையிருப்பும் பதினொரு நாட்களில் தீர்ந்து, பிஎச் திடீரென்று சரிந்து, வடிகட்டியும் வேலையை நிறுத்திவிடும். வாவியின் மட்டி ஓடுகளை நன்கு கழுவி ஒரு வலைப்பையில் கட்டி இரண்டாம் பரலில் தொங்கவிட்டால், நீர் புளிக்கும்போது அவை மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். குழாய் நீரைக் குளோரின் நீங்க ஒரு நாள் காற்றூட்டி வைத்த பின்பே ஊற்ற வேண்டும்.

வீட்டினுள் நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், தொட்டிக்கான இணைப்பு 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சினூடாகவே வர வேண்டும். வயர் சொக்கற்றுக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கினால் வயர் வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அழுத்தக் கலனின் திரும்பு குழாய் நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. பம்பி நின்றபின் எங்காவது ஒரு மூட்டு கழன்றால் தொட்டி நீர் அதனூடாக இழுபட்டுத் தரைக்கு வரும்.

ஆக, தொட்டியை இனிமேல்தான் கட்டப்போகிறவர், பின்சுவருக்கு அப்பால் ஒரு மீற்றர் இடம் இருந்தால், அடிவடிகாலோடு பரல் வடிகட்டியைத் தெரிவு செய்யலாம். பம்பிக்குச் செலவிடுவதில் மிச்சம் பிடித்துப் பற்றரிக்கும் காற்றுப்பம்பிக்கும் கொடுப்பது நல்லது. ஏற்கெனவே கட்டி முடித்து, துளைபோட விரும்பாதவர் அழுத்தக் கலனை வாங்கலாம். ஆனால் மீன்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மின்வெட்டுக்கான காற்றுப்பம்பியைக் கலனோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

புதுச் சீமெந்துத் தொட்டியில் வாழைக்குற்றிகளைத் துண்டாக்கிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை நீரை மாற்றி, பிஎச் எட்டரைக்குக் கீழே இறங்கிய பின்பே வடிகட்டியை ஓட்டத் தொடங்கலாம். பற்றீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் முதலில் இரண்டு மீன்களை மட்டும் விட்டு, உணவைக் கிள்ளிப் போட்டு, நீரைச் சோதிக்கும் சொட்டு மருந்தால் அமோனியாவையும் நைத்திரைற்றையும் நாளுக்கு ஒரு தடவை பார்த்து வர வேண்டும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அவருடைய வடிகட்டியிலிருந்து ஒரு சிரங்கை ஊடகம் கேட்டு வாங்கி, காயவிடாமல் தொட்டி நீரிலேயே கொண்டுவந்து பரலில் போட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். இரண்டு அளவுகளும் தொடர்ந்து ஒரு வாரம் பூச்சியத்தில் நின்ற பிறகு அடுத்த இரண்டு மீன்களை விடலாம்.